ஸ்டேடியம் கட்டினால் ஊருக்குப் பணம் வருமா?

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ நான்கு பேர் கூடி ஊர் வளர்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், சிப்காட், ரயில் பாதை, ஓசூர் விமான நிலையம் என்று ஒரு சுற்று வந்துவிட்டு, கடைசியில் ஸ்டேடியத்தில் வந்து நிற்பார்கள். "பெரிய கிரிக்கெட் ஸ்டேடியம் ஒன்று வந்தால் போதும், லாட்ஜ் நிரம்பும், ஓட்டல் நிரம்பும், ஆட்டோ ஓடும், நிலம் விலை ஏறும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் வெட்டிச் செலவு" என்று இன்னொருவர் வெட்டிவிடுவார். பேச்சு அதற்கு மேல் நகராது.

முதலாமவர் சொல்வது கண்ணால் கண்டதுதான். ஐபிஎல் ஆட்டம் நடக்கும் மாலையில் சேப்பாக்கத்தைச் சுற்றி வியாபாரம் களைகட்டுவதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வியாபாரத்தை அப்படியே கூட்டி, 'ஊருக்கு இவ்வளவு வருமானம்' என்று எழுதும்போதுதான் கணக்கு தடம் புரள்கிறது. எங்கே புரள்கிறது என்பதைப் பொருளாதாரம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி பார்ப்போம்.

மடை மாறினால் ஏரி நிரம்பாது

ஒரு கற்பனைக் கணக்கோடு தொடங்கலாம். தருமபுரியில் ஒரு ஸ்டேடியம் இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 20,000 பேர் வருகிறார்கள். டிக்கெட், சாப்பாடு, பார்க்கிங் என ஆளுக்கு 500 ரூபாய் செலவழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் ஒரு கோடி ரூபாய். ஒரே இரவில் ஊருக்கு ஒரு கோடி! திட்ட அறிக்கைகளில் தடித்த எழுத்தில் அச்சாகும் எண் இதுதான்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: அந்த ஆட்டம் நடக்காமல் இருந்திருந்தால் இந்த ஒரு கோடி எங்கே போயிருக்கும்?

ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறந்தால் ஒரு வயலில் தண்ணீர் பாயும், பக்கத்து வயல் காயும். ஏரியின் நீர்மட்டம் ஓர் அங்குலம்கூட உயராது. உயர வேண்டுமென்றால் மேலேயிருந்து வரத்து வேண்டும்.

ஒரு குடும்பம் மாதத்துக்கு ஒருமுறை வெளியே போய்ப் பொழுதுபோக்க ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருக்கும். அது சினிமாவாக இருக்கலாம், பிரியாணிக் கடையாக இருக்கலாம், பிள்ளைகளுக்குத் துணிமணியாகவும் இருக்கலாம். ஸ்டேடியம் வந்துவிட்டது என்பதற்காக அந்தக் குடும்பத்தின் சம்பளம் உயர்ந்துவிடுவதில்லை. ஆட்டத்துக்குப் போன மாதம் அவர்கள் சினிமாவுக்குப் போகமாட்டார்கள். ஸ்டேடியம் வாசலில் பஜ்ஜி விற்றவருக்குக் கிடைத்த பணம், பேருந்து நிலையத்தில் பஜ்ஜி விற்றவருக்குக் கிடைக்காமல் போன பணம். ஒரு செலவின் இடத்தை இன்னொரு செலவு பிடித்துக்கொள்ளும் இந்த மாற்றத்தைப் பதிலீட்டு விளைவு என்கிறார்கள். நிரம்பி வழியும் கடையைப் படம் எடுத்துப் போட ஆள் இருக்கிறது. காலியான கடையை யாரும் படம் எடுப்பதில்லை.

இதை உண்மையிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? அமெரிக்காவில் தற்செயலாக அந்த வாய்ப்பு கிடைத்தது. (ஸ்டேடியப் பொருளாதாரம் என்றாலே அமெரிக்க உதாரணம் வருவதற்குக் காரணம், அங்கேதான் தனியார் அணிகளுக்காக மக்களின் வரிப்பணத்தில் ஏராளமான அரங்குகள் கட்டப்பட்டன; பல பத்தாண்டுகளாக ஆராயவும் பட்டன.) 1994 ஆகஸ்டில் அங்கே பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதித் தொடரே ரத்தானது. ஸ்டேடியங்கள்தான் நகரங்களை வாழவைக்கின்றன என்றால், அவை பூட்டிக்கிடந்த காலத்தில் அந்த நகரங்களின் வருமானம் சரிந்திருக்க வேண்டும் அல்லவா? டெனிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ஃப்ரீஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இத்தகைய வேலைநிறுத்தங்களை எடுத்துக்கொண்டு கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்படிப்பட்ட சரிவு எதுவும் தென்படவில்லை. மக்கள் வேறு எங்கோ செலவழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, உள்ளூர்க்காரர் ஸ்டேடியத்தில் செலவழிக்கும் பணத்தின் பெரும்பகுதி ஊருக்குள்ளேயே இடம் மாறிய பணம். அதை வருமானக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சரி, வெளியூர்க்காரர் வந்தால்?

வரத்து என்பது அதுதான். சேலத்திலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஒருவர் ஆட்டம் பார்க்கவென்றே வந்து, இங்கே தங்கி, சாப்பிட்டுப் போனால் அது ஊருக்குப் புதுப் பணம். இதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் சிலரைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

கிருஷ்ணகிரி, பெங்களூரு–சேலம் சாலையும் சென்னைச் சாலையும் சந்திக்கும் ஊர். எப்படியும் இந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர், போகிற போக்கில் ஓர் ஆட்டமும் பார்த்துவிட்டுப் போனால், அவருடைய சாப்பாட்டுச் செலவை ஸ்டேடியத்தின் வரவில் எழுத முடியாது. அவர் எப்படியும் இங்கே எங்காவது நிறுத்திச் சாப்பிட்டிருப்பார். அதேபோல, ஆட்டத்தன்று லாட்ஜ் அறைகள் நிரம்பி வாடகை ஏறிவிட்டால், ஒகேனக்கல் போக வந்த குடும்பமோ மாம்பழக்கூழ் தொழிற்சாலைக்கு வேலையாக வந்தவரோ அறை கிடைக்காமல் வேறு ஊருக்குப் போய்விடுவார். வந்தவரை எண்ணும் அறிக்கை, திரும்பிப் போனவரை எண்ணுவதில்லை.

இன்னொன்று, தங்குவது. வெளியூர்க்காரரால் ஊருக்குக் கிடைக்கும் ஆதாயத்தில் பெரிய பங்கு இரவுத் தங்கலில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் அளவில். அகலமான நெடுஞ்சாலை வேறு. ஆட்டம் முடிந்ததும் காரைக் கிளப்பினால் நள்ளிரவுக்குள் வீட்டில் இருக்கலாம். யார் அறை எடுப்பார்கள்? நெடுஞ்சாலை ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதுபோலவே கொண்டுபோயும் விடுகிறது. அவர் விட்டுச் செல்வது ஒரு டீ, இரண்டு வடை, சுங்கச்சாவடிக் கட்டணம். அந்தக் கட்டணமும் நமக்கு இல்லை.

வெளியூர்க் கூட்டத்தை இழுப்பதில் வெற்றி பெற்றது என்று அமெரிக்காவில் எடுத்துக்காட்டும் அரங்கம் ஒன்று உண்டு. பால்டிமோர் நகரில் 1992இல் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் பேஸ்பால் மைதானம். தலைநகர் வாஷிங்டன் அங்கிருந்து நமது தருமபுரி–சேலம் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த நாளில் வாஷிங்டனுக்குச் சொந்த அணி இல்லை. எனவே பார்வையாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியூர்க்காரர். இதைவிடச் சாதகமான சூழல் அமைவது கடினம். ஆனாலும் ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 1997இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுகள் சொன்ன கணக்கு இது: புதிய வேலை, கூடுதல் வரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நிகர ஆதாயம் சுமார் 30 லட்சம் டாலர், மக்கள் போட்ட முதல் சுமார் 20 கோடி டாலர். நூற்றுக்கு ஒன்றரை. அந்த வட்டிக்கு நம் ஊரில் யாரும் சீட்டுகூடப் போடமாட்டார்கள்.

வந்த பணம் ஊரில் தங்குகிறதா?

ஏரிக்கு வரத்து வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கரையில் ஓட்டை இருந்தால்?

ஊருக்குள் வந்த பணம், உள்ளூரில் மறுபடி செலவாகாமல் வெளியே போய்விடுவதைக் கசிவு என்பார்கள். ஓட்டல்காரர் தக்காளியை ராயக்கோட்டை மண்டியில் வாங்கினால் அந்தப் பணம் இந்த வட்டாரத்துக்குள்ளேயே இன்னொரு சுற்று வருகிறது. விவசாயி அதைக் கொண்டு பாலக்கோட்டில் துணி எடுக்கிறார். துணிக்கடை ஊழியருக்குச் சம்பளம் போகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி, முதலில் வந்த நூறு ரூபாய் மொத்தத்தில் எத்தனை ரூபாய் வருமானமாக மாறுகிறது என்று சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 60 ரூபாய் ஊரில் தங்கி மறுபடி செலவானால், 100 + 60 + 36 என்று குறைந்துகொண்டே போய், கூட்டினால் 250 வரும். 40 ரூபாய்தான் தங்குகிறது என்றால் 167. இருபதே ரூபாய்தான் தங்குகிறது என்றால் 125. கசிவு கொஞ்சம் கூடினாலும் பெருக்கி எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

பெரிய நகரத்தில் கசிவு குறைவு, ஏனென்றால் தேவையான பொருளும் ஆளும் அங்கேயே கிடைக்கும். சிறிய ஊரில் அப்படி இல்லை. ஸ்டேடியத்தின் ஒலிபெருக்கியும் மின்விளக்கும் பெங்களூருவிலிருந்து வாடகைக்கு வரும். பாதுகாப்புப் பணி சென்னை நிறுவனத்துக்குப் போகும். உள்ளே விற்கும் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் எங்கோ தயாரானவை. ஜிஎஸ்டி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் போகும். நகராட்சி நம்பியிருப்பதோ சொத்துவரியையும் கடை வாடகையையும். இந்த நிலையில், ஒரு பெருநகரத்துக்குக் கணக்கிட்ட பெருக்கியை எடுத்துத் தருமபுரி அறிக்கையில் ஒட்டிவைப்பது பலரும் செய்யும் பிழை. செய்பவர்களில் சிலருக்கு அது பிழை என்று தெரிந்தேயிருக்கும் என்பது என் சந்தேகம்.

விளையாட்டில் புரளும் பெரும் பணம் மைதானத்தைத் தொடுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அது கிரிக்கெட் வாரியத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் பகிரப்படும் பணம். ஆட்டம் எந்த ஊரில் நடந்தது என்பதற்காக அந்த ஊர்க் கடைவீதிக்கு அதில் பங்கு கிடையாது.

கட்டுமான வேலை? கிடைக்கும், ஓரிரு ஆண்டுகளுக்கு. கிருஷ்ணகிரிக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு: கிரானைட்டும் ஜல்லியும் இங்கேயே கிடைக்கின்றன. சிமெண்டும் இரும்பும் ஒப்பந்ததாரரின் லாபமும் வெளியே போகும். வட மாநிலத் தொழிலாளி கூலியில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புவார். அது அவர் உரிமை. மேலும், அதே தொகைக்கு ஓர் அரசு மருத்துவமனைக் கட்டடம் கட்டினாலும் இதே வேலைகள் வந்திருக்கும்.

சுருக்கமாக: மொத்தச் செலவிலிருந்து உள்ளூர்ப் பதிலீட்டைக் கழித்து, எப்படியும் வந்திருப்பவர்களைக் கழித்து, கசிவையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் ஊரின் ஆதாயம். நாம் தொடங்கிய ஒரு கோடி இந்த மூன்று வடிகட்டலுக்குப் பிறகு சில லட்சங்களாகி நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆண்டில் எத்தனை நாள்?

ஐபிஎல் அணி ஒன்று லீக் சுற்றில் ஆடும் 14 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் ஆடுவது ஏழு. சேப்பாக்கம் போன்ற புகழ்பெற்ற மைதானத்துக்கே பெரும் கூட்டம் சேரும் நாட்கள் ஆண்டில் எண்ணிவிடக்கூடியவை. தருமபுரியில் ஒரு மைதானம் வந்தால் எது கிடைக்கும்? தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் சில. அதற்கும் சேலம் அருகே வாழப்பாடி, திண்டுக்கல் அருகே நத்தம், திருநெல்வேலி, கோவை என்று ஏற்கெனவே மைதானங்கள் வரிசையில் நிற்கின்றன. புது மைதானம் வந்ததால் புது ஆட்டங்கள் பிறப்பதில்லை. இருப்பதையே பங்கு போட வேண்டும்.

போச்சம்பள்ளிச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் கூடுகிறது, ஆண்டுக்கு 52 நாள். ஆடு, மாடு, கோழி, தானியம், காய்கறி என்று சுற்று வட்டாரமே வந்து போகிறது. விற்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து மக்கள்; பணம் இங்கேயே சுழல்கிறது. அதற்கு யாரும் மாதிரிப் படம் வரைந்து பொருளாதார அறிக்கை வெளியிடுவதில்லை.

விளையாட்டிலேயே உதாரணம் வேண்டுமென்றால் எருது விடும் விழா இருக்கிறது. பொங்கலையொட்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் நடக்கும்போது ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் மாடுகளும் ஆட்களும் வருகிறார்கள். வெளியூர்ப் பணம்தான். கான்கிரீட் செலவு ஏதுமில்லை. (பாதுகாப்புக் குறைகள் உண்டு, அது தனியே பேச வேண்டிய விஷயம்.) இதை ஓர் அரங்குக்குள் கொண்டுபோனால் கூட்டம் பெருகுமா? மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் சுமார் 62 கோடி ரூபாயில் கட்டிய ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் பிறகும் அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் பொங்கல் ஜல்லிக்கட்டுகள் அந்தந்த ஊர் வாடிவாசலில்தான் நடக்கின்றன. திருவிழாவுக்கு ஒரு தேதியும் ஒரு தெருவும் உண்டு. கட்டடம் கட்டி அதை வேறு இடத்துக்குக் கூப்பிட முடியாது.

தொலைவில் இதைவிடப் பெரிய உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. அமேசான் காட்டின் நடுவே மனாவுஸ் நகரில் 40,000க்கும் மேற்பட்டோர் அமரும் கால்பந்து அரங்கை 2014 உலகக் கோப்பைக்காகக் கட்டினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கு. நாட்டின் முதல் நிலை லீக்கில் ஆடும் அணி அப்போது அந்த ஊருக்கு இல்லை.

வேறு எதற்குச் செலவழித்திருக்கலாம்?

ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் அடுத்த நல்ல வழியின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்கிறோம். ரசீது இல்லாத செலவு என்பதால் எந்த அறிக்கையிலும் வராது. ஸ்டேடியத்துக்குக் கொடுத்த நிலம் சும்மா கிடைத்த அரசு நிலம் என்பார்கள். ஓசூர் பக்கம் சும்மா கிடைக்கும் நிலம் என்று ஒன்று உண்டா என்ன?

தருமபுரிக்குத் தண்ணீரும் ஒரு வாய்ப்புச் செலவு. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டம் இது. 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். சர்வதேசத் தரப் புல்தரை ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணீர் கேட்கும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தண்ணீரை எங்கிருந்து எடுப்பது என்ற பத்தி திட்ட அறிக்கையில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்ப்பேன்.

கட்டி முடித்தால் செலவு முடிந்ததாகவும் ஆகாது. கனடாவின் மாண்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கின் கடனை, புகையிலை மீது தனி வரி போட்டெல்லாம் அடைத்து முடித்தது 2006இல். முப்பது ஆண்டுகள். ஒலிம்பிக் நடந்தபோது பிறந்தேயிராதவர்களும் அந்தக் கடனைக் கட்டினார்கள்.

நிலம் விலை ஏறுமே என்பவர்களுக்கு: ஏறலாம். மனை வைத்திருப்பவருக்கு அது லாபம், வாடகைக்குக் குடியிருப்பவருக்குச் சுமை. ஊரின் உற்பத்தி அதனால் கூடுவதில்லை.

பொருளாதார அறிஞர்கள் எதிலும் ஒத்துப்போகமாட்டார்கள் என்று கேலி செய்வதுண்டு. இந்த விஷயத்தில் விசித்திரமாக ஒத்துப்போகிறார்கள். 2017இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஒரு மையம் முன்னணி அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களிடம் கருத்துக் கேட்டபோது, தனியார் அணிகளுக்கான அரங்குகளுக்கு அரசு தரும் மானியம், உள்ளூருக்குக் கிடைக்கும் ஆதாயத்தைவிட வரி கட்டுவோருக்கு அதிகச் செலவு வைக்கும் என்பதை ஐந்தில் நால்வருக்கும் மேல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஓசூருக்கு வந்த சுவையான நிலை

கர்நாடக அரசு 2025இல் பெங்களூருவை அடுத்த பொம்மசந்திரா பக்கம், சூர்யா நகரில், 80,000 பேர் அமரும் கிரிக்கெட் அரங்கத்தோடு கூடிய விளையாட்டு வளாகத்துக்கு ஒப்புதல் தந்தது. சொல்லப்பட்ட மதிப்பீடு 1,650 கோடி ரூபாய். ஓசூரிலிருந்து அது அதிகத் தூரமில்லை.

இதுவரை பார்த்த கருவிகளை இங்கே பொருத்திப் பார்க்கலாம். அரங்கம் எழுந்து ஆட்டங்கள் நடக்கத் தொடங்கினால், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போகும் ரசிகர்களில் சிலர் ஓசூரில் அறை எடுப்பார்கள். ஓசூர் ஓட்டல்களுக்கு அது வரத்து. அதே நாளில் ஓசூர்த் தொழிற்சாலை ஊழியர்கள் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் எல்லை தாண்டிச் செலவழிப்பார்கள், அது கசிவு. எது பெரியது என்பது ஓசூரில் எத்தனை பேர் இரவு தங்குவார்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் கட்டுமானச் செலவும் பராமரிப்பும் கடனும் கர்நாடகத்தின் தலையில். ஓர் ஊருக்கு வாய்க்கக்கூடிய மிக லாபகரமான ஸ்டேடியம், பக்கத்து மாநிலம் தன் பணத்தில் கட்டித்தரும் ஸ்டேடியம்தான்! அதற்குப் போட்டியாக இந்தப் பக்கம் இன்னொன்று கட்டுவோம் என்று யாராவது கிளம்பினால், இரண்டும் ஒரே கூட்டத்தைத்தான் பங்கு போடும்.

அப்படியானால் மைதானமே வேண்டாமா?

வேண்டும். வருமானத்துக்காக என்று சொல்லாமல், விளையாடுவதற்காக என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

நூலகத்தை யாரும் லாபக் கணக்கு காட்டித் திறப்பதில்லை. மைதானமும் அந்த வகைதான். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்ற தமிழக அரசின் திட்டத்தில் தொடக்கத்தில் ஒன்றுக்கு 3 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. தருமபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதிகள், கிருஷ்ணகிரியில் ஆறு. பதினொன்றுக்கும் சேர்த்து 33 கோடி. கீழக்கரை அரங்கத்தின் செலவில் ஏறக்குறைய பாதி. அரூரிலும் பென்னாகரத்திலும் தளியிலும் ஊத்தங்கரையிலும் பிள்ளைகள் தினமும் மாலை ஓடியாட இடம் கிடைக்கும். இதில் பதிலீடு, கசிவு என்ற கவலையே எழாது, ஏனென்றால் யாரும் பணம் வரும் என்று சொல்லி இதைக் கேட்கவில்லை.

இதற்கும் கறாராகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவை வேறு கேள்விகள். காவலாளிக்கும் மைதானப் பராமரிப்பாளருக்கும் ஐந்தாவது ஆண்டில் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும்? மாலை ஆறு மணிக்கு மேல் விளக்கு எரியுமா? பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை இருக்குமா? கடைசிப் பேருந்து கிளம்புவதற்கு முன் பயிற்சி முடியுமா? திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டுச் சாவி யாரிடம் இருக்கும்?